வினாவும் சரணும்: பெங்களூரு மடங்கள் காட்டும் குருபத்தியும் தமிழ்ச் சைவ மரபும்

குருவின் திருமுன் வினாவை விடுத்துப் பணிதலே மாணாக்கனின் முதற்கடன் என்றும், அதுவே தொன்றுதொட்டு வரும் மரபு என்றும் கூறும் போக்கு வலுப்பெற்று வருகிறது. இது மேடைப் பேச்சளவில் நின்றிருப்பின் ஆய்வுலகம் பொருட்படுத்த வேண்டுவதில்லை. திருமந்திரமும் சித்தாந்த சாத்திரங்களும் இதற்குச் சான்றாகக் காட்டப்படும்போது, விடை கூறும் பொறுப்பு தமிழாய்வாளர்க்கு உரியதாகிறது.

இப்போக்கு செழித்த நிலமாகப் பெங்களூரைக் குறிப்பிடலாம். தஞ்சைப் பகுதிப் பாபநாசத்தில் 1956-இல் பிறந்த இரவிசங்கர் தொடங்கிய வாழும் கலை அமைப்பின் தலைமையிடம் கனகபுரச் சாலையில் உள்ளது. திருவண்ணாமலையில் பிறந்த நித்தியானந்தரின் ஆசிரமம் மைசூர்ச் சாலையில் உள்ள பிடதியில் அமைந்தது. மூச்சுப் பயிற்சி கற்பித்துக் கட்டணம் பெறுவது குற்றமன்று. பயிற்றுநர் ஒருவர் பெறும் ஊதியம் அது. பயிற்றுநரையே ஞானகுருவாகக் கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது. 2012 ஏப்பிரலில் நித்தியானந்தர் மதுரை ஆதீனத்தின் 293-ஆம் பட்டமாக அறிவிக்கப்பட்டதும், அதே ஆண்டு அக்டோபரில் நீக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. 2010 முதல் அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். அவற்றை ஆராய்வது நீதிமன்றத்தின் பணி. இங்கு எழும் வினா வேறு. ஞானசம்பந்தர் பெயரால் வழங்கும் ஒரு பீடத்தின் குருத்துவம் ஓர் அறிவிப்பால் வந்து, மற்றோர் அறிவிப்பால் நீங்கக்கூடியது எனின், அதனை ஐயமின்றிப் பணிக என்று சாத்திரம் எவ்விடத்துக் கூறியுள்ளது?

மெய்கண்டார் – அருணந்தி உறவை நோக்குதல் தகும். மரபுச் செய்தியின்படி அருணந்தியார் சகலாகம பண்டிதர், மெய்கண்டார் குடும்பத்தின் குலகுரு, ஆண்டிலும் மூத்தவர், ஆதிசைவர். மெய்கண்டாரோ வேளாளர் குடியில் பிறந்த இளையவர். குருபீடம் ஏற்கெனவே அருணந்தியாரிடம் இருந்தது. அதனை விட்டிறங்கியே அவர் மாணாக்கரானார். பதவியே குருத்துவம் என்பார்க்கு இந்நிகழ்ச்சி இடர் தருவது. அவ்வாறு பணிந்தவர் பின்னர்ச் செய்தது யாது? இருபா இருபஃது என்னும் நூலில் தம் ஆசிரியரை விளித்து வினாமேல் வினாத் தொடுக்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம், தம் குரு மறைஞானசம்பந்தரை முன்னிறுத்தி இயற்றிய நூலின் பெயரே வினா வெண்பா. சாத்திரம் பதினான்கனுள் இரண்டு நூல்கள் குருவை நோக்கிய வினாக்களாகவே அமைந்துள்ளன. இவ்வினாக்கள் ஐயத்தால் எழுந்தவையல்ல, பணிவின் ஒரு வடிவமே எனச் சிலர் அமைதி கூறுவர். அவ்வாறே கொள்ளினும், பணிவின் வடிவம் வினா என்பது அவர்கள் வாக்காலேயே பெறப்படுகிறது.

திருமந்திரத்தை மேற்கோளாகக் கொள்வோர் ஆறாம் தந்திரத்தின் தொடக்கமாகிய சிவகுரு தரிசனத்தைப் பெரிதும் எடுத்தாள்வர். குருவே சிவம் என்னும் கருத்து ஆங்கு உண்மையே. அதே தந்திரத்தில் அபக்குவன் என்னும் பகுதியும் உண்டு. அறியாமையாகிய குருட்டை நீக்க வல்ல குருவைக் கொள்ளாது, நீக்க மாட்டாத குருவைக் கொள்வோர் நிலையைத் திருமூலர் அங்கே குழியில் விழும் இரு குருடர்மேல் வைத்துக் காட்டுகிறார். நீக்குவோன், நீக்காதோன் எனக் குருவை இருவகைப்படுத்தினால், இவன் எவ்வகையன் என ஆராயும் கடன் மாணாக்கனைச் சார்கிறது. ஒரு பகுதியைப் பாராயணம் செய்து மறுபகுதியை மூடிவைப்பது ஆய்வாகாது.

சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரமும் இவ்வாறே பாதி மட்டும் படிக்கப்படுகிறது. இறைவன் குருவாய் வந்து உணர்த்துவான் என்பதோடு நிறுத்திவிடுகின்றனர். வேடரிடை வளர்ந்த அரசகுமாரன் என்பது ஆங்குள்ள உவமையின் கருத்து. தான் யார் எனத் தந்தையால் உணர்த்தப்பட்டவன் வேடரை விட்டுத் தன் நிலை எய்துகிறான். மீண்டும் ஒருவர் சேரியில் ஏவலாளாய் அமர்வதில்லை. மேலும், இருவினையொப்பும் மலபரிபாகமும் கூடிய பின்னரே சத்திநிபாதம் நிகழும் என்பது சித்தாந்தம். பக்குவம் இவ்வாறு உள்ளே முதிர்வதாயின், படிநிலைக்கு ஒரு விலையிட்டு அதனை எங்ஙனம் வழங்க இயலும்?

இவ்விடத்தில் நன்னூலை நினைத்தல் பொருந்தும். கோலாரோடு தொடர்புடைய கங்கர் மரபினனான சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் இயற்றிய நூல் அது. கோலார் பெங்களூருக்கு அண்மையது. ஆசிரியர் ஆகாதவர்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமைகளை அந்நூல் தருகிறது. அடைத்த பஞ்சைச் சிறிது சிறிதாகவே பறித்தெடுக்க வேண்டிய குண்டிகையை, அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என விரியும் பயிற்சி வரிசைகளில் எளிதில் காணலாம். ஒருவர் நீரூற்ற மற்றொருவர் தோட்டத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்குக்கும் எடுத்துக்காட்டு அரிதன்று. நன்னூல் கூறுவது ஞானாசிரியர்க்குப் பொருந்தாது எனின், நூலாசிரியனையே சோதித்துக் கொள்ளச் சொன்ன மரபு வீட்டுநெறி காட்டுவோனைச் சோதியாது விடச் சொல்லும் என்பது எங்ஙனம் பொருந்தும்? மாணாக்கனையும் நெருப்பருகில் குளிர்காய்வான்போல் அகலாது அணுகாது இருக்கவே அந்நூல் பணிக்கிறது. இன்று தீயில் புகுவதே பத்தி எனக் கற்பிக்கப்படுகிறது.

கன்னட நிலத்துக்கும் இது புதிதன்று. சாமரசர் பதினைந்தாம் நூற்றாண்டில் கன்னடத்தில் இயற்றிய காப்பியத்தைத் துறைமங்கலம் சிவப்பிரகாசர் பதினேழாம் நூற்றாண்டில் பிரபுலிங்க லீலையாகத் தமிழில் தந்தார். அதில் கோரக்கர், அல்லமர் உடல்மீது வாள் வீசிச் சோதித்த பின்னரே அவரைப் பணிகிறார். குருவாகிய அல்லமர் அச்சோதனையை அவமதிப்பாகக் கொள்ளவில்லை. தம்மை வெட்ட இடங்கொடுத்து நிற்கிறார். எட்டாவரணத்துள் குருவையே முதலில் வைத்த வீரசைவம் போற்றும் காப்பியம் இது.

அச்சிவப்பிரகாசர் தம் இலக்கண ஆசிரியர் வெள்ளியம்பலத் தம்பிரானுக்குப் பொற்காசுகளைக் காணிக்கையாக வைத்தார் என்பது வரலாற்றுச் செய்தி. தம்பிரான் அவற்றை ஏலாது, தம்மை இகழ்ந்து வந்த திருச்செந்தூர்ப் புலவர் ஒருவரை வென்று வருமாறு கேட்டார். அதன் விளைவு திருச்செந்தில் நீரோட்டக யமக அந்தாதி. ஆசிரியரின் தன்மதிப்பு உணர்ச்சி இதில் வெளிப்படவில்லையா எனின், வெளிப்படுகிறது. மரபு அதனை மறைக்கவும் இல்லை.