பழைய கூரைமேல் ஃபோம்: சட்டம் அனுமதிக்கிறதா?

அமெரிக்காவின் அரிசோனா பக்கம் தட்டைக்கூரை ஒழுகத் தொடங்கினால் வீட்டுக்காரர் காதில் முதலில் விழும் யோசனை: "பழசைப் பிரிக்கவே வேண்டாம், மேலேயே ஃபோம் அடித்துவிடலாம்." ஃபோம் என்பது தெளித்ததும் பொங்கி இறுகும் பாலியூரித்தேன் நுரை. கையோடு "சட்டமே அனுமதிக்கிறது" என்றும் சொல்வார்கள். அந்தச் சட்டத்தைச் சொன்னவர் படித்திருக்க மாட்டார். படித்துவிட்டுச் சொல்கிறார் என்றால் அது இன்னும் மோசம்.

அங்கே பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஐபிசி கட்டட விதித்தொகுப்பின் 15ஆம் அத்தியாயம் கூரைகளைப் பற்றியது. பழைய கூரை நீரில் ஊறியோ உளுத்தோ போய்ப் புதியதைத் தாங்காது என்றால் அதன்மேல் இன்னொரு கூரை போடக் கூடாது. ஏற்கெனவே இரண்டு கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தாலும் கூடாது. ஸ்லேட், களிமண் ஓடு, சிமென்ட் ஓடு, கல்நார் ஓடு ஆகியவற்றின் மேலும் கூடாது. வீடுகளுக்கான ஐஆர்சி தொகுப்பிலும் இதே கதைதான். ஃபோம் என்பதற்காக இவற்றில் எதுவும் தளர்வதில்லை.

பிறகு அந்த 'அனுமதி' எங்கிருந்து முளைத்தது? ஏற்கெனவே ஃபோம் போட்ட கூரையில் மேல்பூச்சு தேய்ந்துவிட்டால், ஃபோமைப் பிரிக்காமலே புதிய பூச்சு அடிக்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. பூச்சுக்குக் கொடுத்த சலுகையை ஃபோமுக்கே கொடுத்ததாகத் திரித்துவிட்டார்கள்.

ஃபோம் மட்டமான பொருள் அல்ல. மூட்டே இல்லாத பரப்பு. ஓர் அங்குலத்துக்கு ஆறுக்கு மேல் ஆர்-மதிப்பு, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் திறன். அந்த ஓர் அங்குலக் கனத்தில் சதுர அடிக்குக் கால் பவுண்டு அளவே எடை. ஆனால் அது மூடிய நுண்ணறைகளால் ஆனது. மேலிருந்து நீரை உள்ளே விடாது, கீழே தங்கிய நீரையும் எளிதில் வெளியே விடாது. பழைய கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு அறுத்து, உள்ளேயிருக்கும் வெப்பக்காப்புப் பலகையை எடுத்துப் பிழிந்து பாருங்கள். சொட்டினால், அதற்குக் கீழே பிளைவுட் கறுத்திருக்கும், ஆணிகள் துருவேறியிருக்கும். அதன்மேல் ஃபோம் அடிப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஈரத்தில் ஃபோம் சரியாக ஒட்டவும் செய்யாது: அதிலுள்ள ஐசோசயனேட் நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடைக் கக்கும், கொப்புளம் கிளம்பும்.

"ஃபோமே போதும், பூச்சு பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதும் இதே ரகம்தான். ஃபோம் அடித்து 2 மணி நேரத்துக்குப் பிறகு, 72 மணி நேரத்துக்குள் பூச்சு ஏற வேண்டும் என்கிறது விதி. காரணம் வெயில். புற ஊதாக் கதிர் பட்ட ஃபோம் ஆரஞ்சு நிறமாகிப் பொடி உதிர்க்கும். அந்தப் பொடிமேல் பூச்சு பிடிக்காது.

சரிவு விஷயமும் உண்டு. புதுக் கூரைக்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். பழைய கூரைமேல் போடும்போது இதில் சலுகை உண்டுதான், மழை நின்ற 48 மணி நேரத்துக்குள் நீர் வடிந்துவிடும் என்றால் மட்டும்.

பிரிக்காமல் போடவே முடியாது என்று நான் சொல்லவில்லை. உலர்ந்த, உறுதியான ஒற்றைக் கூரைமேல் தாராளமாகப் போடலாம். அதனால் விலை பேசுவதற்கு முன் ஒப்பந்ததாரரை உங்கள் கண்முன்னே கூரையை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள், பர்மிட் யார் பெயரில் எடுக்கப்படும் என்று கேளுங்கள். இரண்டுக்கும் மழுப்புகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.