கடைக்குப் போகாத காசு

தெஹிவளையில் எமது அயல்வீட்டு இளைஞன் சென்ற வாரம் பூரிப்போடு என்னிடம் வந்தான். கவுன்டர்-ஸ்ட்ரைக் என்னும் இணைய விளையாட்டில் தனக்குக் கிடைத்த துப்பாக்கி ஒப்பனைகளை விற்றுக் காசு சேர்த்திருக்கிறானாம். குறி தப்பாமற் சுட அவ்வொப்பனை உதவாது. அது அழகுக்கு மட்டுமே. ஆயினும் அதற்கும் விலையுண்டு!

2013ஆம் ஆண்டு அறிமுகமான இவ்வொப்பனைகள், 2012இல் தொடங்கிய ஸ்டீம் சந்தையிற் கைமாறுகின்றன. விற்பவன் நூறு பெற, வாங்குபவன் நூற்றுப் பதினைந்து கொடுக்க வேண்டும், இடையிலுள்ளது தரகு. பெற்ற நூறும் ஸ்டீம் பணப்பையிலேயே தங்கிவிடும். அதைக்கொண்டு வேறொரு விளையாட்டை வாங்கலாம். காலி வீதிக் கடையில் ஓர் இறாத்தல் பாண் வாங்க இயலாது.

2025 அக்டோபரில் விளையாட்டு நிறுவனம் ஒரு விதியை மாற்றியது. அரிய கத்திகளைப் பெறும் வழி எளிதாயிற்று. அவற்றின் விலை ஓரிரு நாளிற் சரிந்தது. விதி எழுதும் கையே விலையையும் எழுதுகின்றது.

இளைஞனை நான் இகழவில்லை. எப்பொருள் எப்போது விலைபோகும் என்று அவன் கற்றிருப்பது மெய்யான வணிக அறிவே. பெற்றோர் அவனை வையாது, "இக்காசின் திறவுகோல் யார் கையில்?" என்று மட்டும் கேட்கட்டும். விடையை அவன் உணர்ந்தாற் போதும். விளையாட்டு விளையாட்டாகவே நிற்கும்.