பட்டியலில் இல்லாத தமிழர்கள்

தில்லிக்கு வந்து சேரும் தமிழர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் அரை நூற்றாண்டாக மாறவில்லை. நல்ல இட்லி எங்கே கிடைக்கும்? அப்பாவின் திதிக்கு யாரைக் கூப்பிடுவது? குழந்தைக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் உண்டா? முன்பெல்லாம் இவற்றுக்கான பதில் கரோல்பாக் மாடிப்படிகளிலோ, மலை மந்திர் வாசலிலோ, தமிழ்ச் சங்கத்தில் கூட்டம் முடிந்து காபிக்கு நிற்கும்போதோ கிடைத்துவிடும். எல்லாம் தெரிந்த மாமா ஒருவர் எங்கும் இருப்பார். அந்த மாமாக்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பலர் பிள்ளைகளோடு குருகிராமுக்கும் நொய்டாவுக்கும் போய்விட்டார்கள். சிலர் போயே போய்விட்டார்கள்.

2025 செப்டம்பரில் வேலை கிடைத்து நொய்டாவுக்கு வந்த என் அக்கா மகனுக்கு அப்படி ஒரு மாமா அகப்படவில்லை. இரண்டு மாதம் தனியாக ரொட்டி தின்றுவிட்டு ஒரு யோசனையோடு வந்தான்.

"சித்தி, நாமே ஒண்ணு பண்ணிடலாம். தில்லியைச் சுத்தி இருக்கிற தமிழ் சங்கம், கோயில், கடை, பாட்டு கிளாஸ், எல்லாம் ஒரே இடத்துல. எந்த ஏரியான்னு சொன்னா பக்கத்துல யார் இருக்காங்கன்னு காட்டணும்."

"அதுக்கெல்லாம் ஆள் வேணுமேடா."

"ஏஐ இருக்கே" என்றான்.

இருந்ததுதான். அவன் கணக்கு எழுதும் உத்தியோகத்தில் இருப்பவன். கணிப்பொறி நிரல் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் என்ன வேண்டும் என்பதைச் சாதாரண ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, செயற்கை நுண்ணறிவு உதவியாளர் நிரலை எழுதித் தள்ளியது. ஏதாவது பழுதானால், திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே அதனிடம் திருப்பிக் கொடுப்பான். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சரிசெய்யும். 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கார்ப்பதி என்ற கணிப்பொறி விஞ்ஞானி இந்த முறைக்கு 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார். நிரலைப் பார்க்காமல், ஆசையை மட்டும் சொல்லி வேலை வாங்குவது. எங்கள் வீட்டில் 4 மாலைகளில் வரைபடம், தேடும் கட்டம், விவரம் பதியும் படிவம் எல்லாம் தயாராகிவிட்டன.

தமிழ் எம்.ஏ. படித்ததற்கு என் பங்கும் இருந்தது. 'தமிழ்ச் சங்கம்' என்று ஒற்றோடு தேடினால் கிடைத்தது, ஒற்றை விட்டால் கிடைக்கவில்லை. ஊரில் பாதிப்பேர் ஒற்றை விடுபவர்கள். இதைச் சொன்னதும் உதவியாளர் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி மாற்றியது. ஆர்.கே.புரமும் ராமகிருஷ்ணபுரமும் ஒரே இடம் என்பதை நான் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தது. எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

வம்பு அதற்குப் பிறகுதான். காலியாகக் கிடந்த தளத்தை நிரப்பவேண்டும். "தில்லி வட்டாரத்தில் உள்ள தமிழ் அமைப்புகள், சேவைகள் 40 கொடு" என்று அதையே கேட்டான். ஒரு நிமிடத்தில் கொடுத்துவிட்டது. பெயர், முகவரி, தொலைபேசி எண், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி அறிமுகம். படிக்க அழகாகவே இருந்தது. பத்திரிகைக்காரியின் பழக்கம், ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் தேறவில்லை. சில எப்போதோ மூடியவை. சில இடம் மாறியவை. சில பிறக்கவே இல்லை. வசந்த் குஞ்சில் நவராத்திரி பஜனை மண்டலி ஒன்று இருப்பதாகக் கொடுத்த எண்ணில் ஒரு சர்தார்ஜி பேசினார். பஜனை இல்லை, டயர் வேண்டுமானால் உண்டு என்றார், மிகுந்த பணிவோடு.

தவறைச் சுட்டிக்காட்டினால் உதவியாளர் உடனே ஒப்புக்கொண்டு வேறு எண் கொடுத்தது. அதுவும் தப்பு.

இதைப் பொய் என்று சொல்வது பொருந்தாது. ஏராளமான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழகிய இயந்திரம் அது. தில்லியில் ஒரு பஜனை மண்டலியின் எண் எப்படி இருக்கும்? 9ல் தொடங்கும், 10 இலக்கம் இருக்கும். அப்படி ஒன்றைச் சமைத்துக் கொடுத்தது. மொழிபெயர்ப்பு மேசையில் நான் சேர்ந்த புதிதில் ஆசிரியர் ஒருவர் சொல்லித் தந்த முதல் பாடம்: புரியாத இடத்தில் கோடு போட்டு விடு, பொருத்தமாக எதையாவது எழுதி நிரப்பாதே. நிரப்பப்பட்ட தப்பை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இந்த உதவியாளருக்குக் கோடு போடும் வழக்கம் குறைவு.

இட்லிக் கடை முகவரி தப்பானால் பசியோடு திரும்பலாம். இரவு 11 மணிக்கு வீட்டில் ஒரு சாவு விழுந்து, காரியம் செய்துவைக்க ஆள் தேடுகிறவருக்கு டயர் கடை கிடைத்தால்? ஆகவே விதி ஒன்று வகுத்தோம். மனிதர் ஒருவர் கூப்பிட்டுப் பேசி, அவர் சம்மதம் வாங்கி, பேசிய தேதியையும் போட்ட பிறகே எதுவும் தளத்தில் ஏறும். 2023ல் நிறைவேறிய மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் வலியுறுத்துகிறது.

இப்படிச் சலித்து எடுத்த பட்டியலோடு ஒரு மாலை உட்கார்ந்திருந்தோம். வரைபடத்தில் புள்ளிகள் மின்னின. கரோல்பாக், ஆர்.கே.புரம், லோதி சாலை, ஜனக்புரி, மயூர் விஹார். ஜங்க்புராவில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி எட்டிப் பார்த்தார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். "இதுல நரேலா இருக்காம்மா?" என்று கேட்டார்.

தேடினோம். பகுதிகளின் பட்டியலிலேயே நரேலா இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்ததும் உதவியாளர்தான். தமிழர்கள் வசிக்கும் பகுதிகள் எவை என்று கேட்டிருந்தோம். ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டதாக நாங்கள் நம்பியிருந்தோம்.

நரேலாவில் தமிழர்கள் எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஜங்க்புராவை ஒட்டி, பாராபுல்லா வடிகால் ஓரத்தில் மதராசி கேம்ப் என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. சுற்றுவட்டாரத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்கள், கார் ஓட்டியவர்கள், இட்லி மாவு அரைத்து விற்றவர்கள். ஆக்கிரமிப்பால் வடிகால் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது என்ற வழக்கில், 2025 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் அகற்ற உத்தரவிட்டது. ஜூன் 1 அன்று இடித்தார்கள். சுமார் 370 குடிசைகள். அவற்றில் ஏறத்தாழ பாதிக்குத்தான் மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்று கணக்கெடுப்பு முதலில் சொன்னது. 2015க்கு முன்பிருந்தே அங்கே வசித்ததற்கு வாக்காளர் பட்டியல் முதலான சான்று வேண்டும். தகுதி பெற்றவர்களுக்கு நகரத்தின் வடகோடியில், 30 கிலோமீட்டருக்கு அப்பால், நரேலாவில் அடுக்குமாடி வீடு.

எங்கள் வீட்டுக்கு வரும் பெண்மணிக்கு நரேலா கிடைத்தது. அடுத்த குடிசையில் இருந்த அவருடைய நாத்தனாருக்குக் கிடைக்கவில்லை. முன்பு நடந்து வந்தவர் இப்போது பஸ்ஸும் மெட்ரோவும் மாறி வருகிறார். அவர் மகள் லோதி எஸ்டேட்டில் உள்ள தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தவள். அந்தக் கழகத்துக்குத் தில்லியில் பல பள்ளிகள். ஒன்றுகூட நரேலாவில் இல்லை.

இதெல்லாம் நாளேடுகளில் வந்த செய்திதான். அப்படியிருந்தும் உதவியாளரின் பட்டியலில் ஏன் இல்லை? யோசித்தால் காரணம் எளிது. அதற்கு எழுதியவர்களைத் தெரியும், எழுதப்பட்டவர்களைத் தெரியும். தில்லித் தமிழர்களில் ஒரு பகுதி எழுதிக் குவித்தது. 'கணையாழி' இங்கிருந்துதான் 1965ல் வெளிவரத் தொடங்கியது. செயலகத்தில் வேலை பார்த்தவர்கள் சங்கம் வைத்தார்கள், சபா வைத்தார்கள், ஆண்டு மலர் போட்டார்கள். மதராசி கேம்ப்காரர்கள் ஆண்டு மலர் போடவில்லை. அவர்களைப் பற்றி அதிகம் எழுதப்பட்டது அவர்கள் வீடு இடிந்த வாரத்தில். 2011 கணக்கெடுப்பில் தில்லியில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 80 ஆயிரத்துக்கு மேல். அவர்களில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவர்களையே நாங்கள் மறுபடி கண்டுபிடித்திருந்தோம். இயந்திரத்தை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நான் இருப்பது ஜங்க்புரா. கேம்ப் 10 நிமிட நடை. நானும் அதைப் பட்டியலில் தேடவில்லை.

அக்கா மகன் உற்சாகமாகிவிட்டான். நரேலாவைச் சேர்த்து, அங்குள்ள குடும்பங்களின் பெயர், தொகுதி எண், செய்யும் தொழில் எல்லாவற்றையும் பதியலாம், வேலை கிடைக்க உதவும் என்றான். பெண்மணிக்கு அதில் சந்தோஷம் வரவில்லை.

"பேரெல்லாம் எழுதினா யாரு பாப்பாங்க தம்பி?"

"யார் வேணா பாக்கலாம் அக்கா. அதுக்குத்தானே."

"முன்னாடி ஒரு தடவ பேரெல்லாம் எழுதிட்டுப் போனாங்க. அப்புறம்தான் புல்டோசர் வந்துச்சு."

அவன் பதில் சொல்லவில்லை. பட்டியல் என்றால் நமக்கு வசதி. சிலருக்கு அது தீர்ப்பு. ஒரு பட்டியலில் பெயர் இருந்ததால் இவருக்கு வீடு, இல்லாததால் நாத்தனாருக்கு வீதி. 'கண்டுபிடிக்கப்படுவது' எல்லாருக்கும் நல்லது என்று எண்ணிக்கொண்டு தளம் கட்டுகிறவர்கள், தங்களை யாரும் தேடிவந்து இடித்ததில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் படிவத்தை மாற்றினோம். அமைப்புகளும் கடைகளும் விரும்பினால் முகவரி தரலாம். தனிமனிதர் பெயரோ வீட்டு எண்ணோ வெளியே தெரியாது. 'இங்கே இருப்பது' என்ற பகுதிக்குப் பக்கத்தில் 'இங்கே வேண்டியது' என்று இன்னொரு பகுதி சேர்த்தோம். தட்டச்சு வராதவர்கள் தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியையும் உதவியாளரே ஒரு மாலையில் செய்து கொடுத்தது. கள்ளக்குறிச்சித் தமிழில் அது செய்யும் பிழைகளை நான் திருத்துகிறேன். நரேலாவிலிருந்து வந்த முதல் குரல் அந்தப் பெண்மணியின் மகளுடையது: ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முன்வந்திருக்கிறார். அவர் இருப்பது ஜனக்புரியில். போக வர 3 மணி நேரமாவது ஆகும். எத்தனை வாரம் தாக்குப்பிடிக்கும் என்று அவருக்கே நிச்சயமில்லை.

தளம் கட்ட 4 மாலைகள் ஆயின. விசாரிக்கும் வேலை மாதக்கணக்கில் நடந்து இன்னும் பாதி பாக்கியிருக்கிறது. அதற்கு எந்த உதவியாளரும் அகப்படவில்லை. வருகிற ஞாயிறு நானும் அக்கா மகனும் நரேலா போகிறோம். எத்தனை குழந்தைகள், எந்த வகுப்பு, எந்த நேரம் சௌகரியம் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பெயர்களுக்கு அதில் பத்தி போடவில்லை.