ஒல்லி டயரைப் பழிக்க வேண்டாம்

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் ஒரு பேச்சு தவறாமல் வரும். அரசு ஏலத்தில் எடுத்த வண்டியோ, அப்பா காலத்து வண்டியோ, கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒல்லி டயரைக் கழற்றிவிட வேண்டுமாம். பத்தரை அங்குல அகலத்தில் டயரும் அதற்கேற்ற டிஸ்கும் மாட்ட வேண்டுமாம். “டயர் அகலமானா பிடிப்பு கூடும், ஆத்து மணலோ சேறோ எதுலயும் மாட்டாது, வளைவுல சாயாது, பார்க்கவும் கெத்தா இருக்கும்” என்பது பட்டறை வாதம். கெத்து அவரவர் ரசனை, அதில் தலையிட ஒன்றுமில்லை. மற்றவற்றில் ஒன்று பாதி உண்மை, ஒன்று கால் உண்மை. மீதி தவறு.

முதலில் அந்த ஒல்லி டயர் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான வில்லிஸ் ஜீப்பின் டயர் அளவு 6.00-16. அதாவது ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல டிஸ்க். டிஸ்கின் அகலம் நாலரை அங்குலம்தான். 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கிய மஹிந்திரா, பின்னால் வந்த உயர்ந்த பானெட் மாடலுக்கும் இதே அளவைத்தான் வைத்திருந்தது. சிக்கனத்துக்காக வந்த அளவு அல்ல இது. ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடை, அறுபது குதிரைத்திறன் எஞ்சின், கையால் திருப்பும் ஸ்டீயரிங், ஒன்பது அங்குல டிரம் பிரேக் ஆகியவற்றோடு சேர்த்துப் பொருத்திய அளவு.

இனி பிடிப்பு. அகல டயர் தரையில் அதிக இடத்தைத் தொடும் என்பதுதான் இந்த வாதத்தின் உயிர். கணக்குப் போட்டால் அது நிற்காது. ஆட்களோடு சேர்த்து ஜீப்பின் எடை 1,400 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ. டயரில் 24 பவுண்டு காற்று இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்கச் சுமார் 207 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொட்டால் போதும். டயரின் விறைப்பால் இது கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஒல்லி டயரானாலும் அகல டயரானாலும் காற்று அதே அளவு என்றால் பரப்பும் ஏறத்தாழ அதேதான், வடிவம் மட்டுமே மாறும். 11 சென்டிமீட்டர் அகலத்தில் பதியும் ஒல்லி டயரின் தடம் 19 சென்டிமீட்டர் நீளும். 20 சென்டிமீட்டர் அகலத்தில் பதியும் டயரின் தடம் பத்து சென்டிமீட்டரோடு நின்றுவிடும்.

சேற்றில் இந்த வடிவம்தான் தீர்ப்பு சொல்கிறது. மழைக்குப் பிறகு இப்பகுதி ஏரிக்கரைகளில் மேலே அரையடி குழைந்த களி, கீழே கெட்டித் தரை என்று இருக்கும். ஒல்லி டயர் களியை வெட்டிக்கொண்டு இறங்கிக் கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் களியின் மேலேயே நின்று வழுக்கிச் சுற்றும். பட்டன்களுக்கு நடுவே களி அப்பிக்கொண்டால் உருளைக்கல் போல ஆகிவிடும். போதாததற்கு முன்னால் இருக்கும் சேற்றை அகலமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அறுபது குதிரையில் பாதி அதற்கே செலவாகும். கேமல் டிராபி என்ற காட்டுவழிப் போட்டிப் பயணங்களில் லேண்ட் ரோவர்கள் காடும் சேறும் கடந்தது ஒல்லி டயர்களில்தான். அடியில் கெட்டித் தரையே இல்லாத சகதியில் எந்த டயரும் சிக்கும், அங்கே கயிறுதான் வழி.

பாதி உண்மை பாலாற்றில் இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அந்த மணலில் வெட்டிக்கொண்டு இறங்கினால் கீழேயும் மணல்தான். அங்கே மிதக்கத்தான் வேண்டும், அகலம் உதவும். இரண்டாம் உலகப் போரில் லிபியப் பாலைவனத்தில் ஓடிய பிரிட்டிஷ் படையின் செவர்லே லாரிகள் அகலமான மணல் டயர்களையே போட்டிருந்தன. ஐஸ்லாந்தில் பனிப்பாறை மேல் ஓடும் வண்டிகளின் டயர்களும் பெரியவை. ஆனால் அந்த லாரிப் படையை உருவாக்கிய ரால்ஃப் பாக்னோல்டு, அதற்கு முன்பே சாதாரண ஃபோர்டு கார்களில் காற்றை இறக்கிவிட்டு அந்த மணல்மேடுகளைத் தாண்டியிருந்தார். ஐஸ்லாந்துக்காரர்களும் டயரில் சில பவுண்டு காற்றை மட்டுமே வைத்து ஓட்டுகிறார்கள். 24 பவுண்டை 12 ஆக்கினால் தடம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், அதுவும் நீளவாக்கில். இதற்கு ஒரு காசு செலவில்லை. ட்யூப் டயரில் இன்னும் குறைத்தால் டிஸ்க் சுற்றி வால்வு பிய்ந்துவிடும், அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். கரையேறியதும் மறுபடி காற்றடிக்க ஒரு கைப்பம்பு போதும். சில நூறு மீட்டர் மணலுக்காக, ஆண்டு முழுவதும் தார்ச்சாலையில் ஓடும் வண்டியின் காலையே மாற்றுவது சரியல்ல.

அடுத்தது வளைவில் சாயாது என்ற வாதம். இதில் கால் உண்மை உண்டு. பழைய ஜீப்பில் இடவலச் சக்கரங்களுக்கு நடுவே நான்கடிதான். பக்கத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளினால் கொஞ்சம் நிலைப்பு வரும். ஆனால் அந்த அகலத்தில் 31 அங்குல உயர டயர் போட்டால் வண்டியும் ஓரங்குலத்துக்கு மேல் உயர்கிறது. பெற்றதில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. அதற்குக் கொடுக்கும் விலைதான் பெரிது.

பத்தரை அங்குல டயருக்குக் குறைந்தது ஏழு அங்குல டிஸ்க் வேண்டும். உள்பக்கம் இடமில்லை, முழுதாகத் திருப்பினால் பட்டையில் இடிக்கும். ஆகவே டிஸ்கை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. ஹப்பில் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே விழ வேண்டிய பாரம் வெளிப்பக்கம் நகர்ந்து வெளிப் பேரிங்கின் மேல் குவிகிறது. திரும்பும்போது சக்கரம் கிங்பின்னைச் சுற்றும் ஆரமும் நீள்கிறது. ஒரு சின்னக் கல் தட்டினாலும் அந்த அடி ஸ்டீயரிங் வழியாகக் கட்டைவிரலுக்கு வருகிறது. கிங்பின் தேய்ந்த வண்டியில் குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் வெடவெடவென்று ஆடத் தொடங்கினால் நிறுத்தும்வரை அடங்காது. பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்குப் போகும் பாதையில் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அகல டயரோடு அந்தப் பதினான்கையும் திருப்பி இறங்கியவருக்குத் தோள்பட்டையே பதில் சொல்லும். ஆம்பூரில் ஷூ செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஷூ அச்சான லாஸ்டின் அகலம் சில மில்லிமீட்டர் மாறினால் பாதம் என்ன பாடுபடும் என்று தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்.

எஞ்சினுக்கு வேறு தண்டனை. பழைய டயரின் உயரம் சுமார் இருபத்தெட்டரை அங்குலம். அதை 31 ஆக்கினால் 5.38 விகிதம் கொண்ட கிரவுன் பல்சக்கரம், 4.95 வைத்தது போல இழுக்கும். முன்பு இரண்டாம் கியரில் ஏறிய மேட்டுக்கு முதல் கியர் தேவைப்படும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-இல் ஓடும். அதே டிரம் பிரேக் இன்னும் உயரமான, இன்னும் கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டும்.

பிடிப்பு பற்றிய நம்பிக்கை மழைநாளின் தேசிய நெடுஞ்சாலை 48-இல் ஆபத்தாகவே மாறுகிறது. தேங்கிய தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தை 1960-களில் நாசா ஆய்வாளர்கள் காற்றழுத்தத்தோடு இணைத்தார்கள். அந்தக் கணக்கை ஜீப்புக்குப் பொருத்திப் பார்த்தால், பட்டன் தேய்ந்த டயரில் 25 பவுண்டு காற்று இருந்தால் மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டர், 16 பவுண்டு என்றால் 67. இலகுவான ஜீப்பில் அகல டயர் போட்டவர்கள் குலுங்காமல் இருக்கக் காற்றைக் குறைத்தே வைக்கிறார்கள். தண்ணீரை ஒதுக்க வேண்டிய அகலமும் கூடுகிறது. ஒல்லி டயர் தண்ணீரைக் கத்தி போலப் பிளந்து போகும்.

“சட்டம் இதையெல்லாம் கண்டுகொள்ளாது” என்பதும் சரியல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் வந்த விதிகள், சேசி, பாடி, எஞ்சின் மாற்றப்படாமல் மூல வடிவில் இருப்பவற்றையே பழம்பெரும் வாகனமாக ஏற்கின்றன. அகல டயருக்காக மட்கார்டை வெட்டுபவர் அந்தத் தகுதியையும் சேர்த்தே வெட்டுகிறார்.

ஒல்லி டயர் கிடைப்பதில்லை என்பதும் சாக்குதான். 6.00-16 இன்றும் தயாராகிறது. வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். டிராக்டரின் முன்டயரும் இதே அளவு. அது வயலுக்கான மெதுவேக டயர், நெடுஞ்சாலையில் ஓடும் ஜீப்புக்கு ஆகாது. பழைய வில்லிஸில் இடப்பக்க வீல் நட்டுகள் தலைகீழ் மரை கொண்டவை, அதை அறியாமல் ஸ்பேனரில் ஏறி மிதித்தால் போல்ட் முறியும். இரண்டு துண்டாகக் கழலும் ராணுவ டிஸ்க் என்றால், காற்றை முழுதாக இறக்காமல் அதன் எட்டு நட்டுகளில் கை வைக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

இன்னும் நம்பிக்கை வராதவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கி, டயரின் அடியில் சாக்பீஸைத் தேய்த்து, கீழே ஒரு கறுப்பு அட்டையை வைத்து இறக்குங்கள். மறுபடி தூக்கித் தடத்தை அளங்கள். காற்றைப் பாதியாக்கி இன்னொரு அட்டையில் அதையே செய்யுங்கள். அகல டயர் போட்ட நண்பரின் வண்டியிலும், அதே 24 பவுண்டு காற்றில், ஒரு அட்டை எடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு டயர் கடைக்குப் போங்கள்.