ஊர்தியின் நோயும் வணிகரின் வாய்ச்சொல்லும்

செட்டிநாடு கணக்கெழுதிய நாடு. பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளிற் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், நாள்தோறும் வரவு செலவு எழுதி ஐந்தொகை கண்டனர். திருமணத்தையும் இசைகுடிமானம் என்னும் ஓலை எழுதியே உறுதி செய்தனர். அம்மண்ணில், காரைக்குடியில், பிறந்து வளர்ந்திருந்தும், மோட்டார் வண்டி வாங்குங்கால் வணிகரின் வாய்ச்சொல்லையே ஆவணமாகக் கொண்டு ஏமாந்த குடும்பங்களுள் எமதும் ஒன்று.

ஈராண்டுகளுக்கு முன், பாட்டியாரை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொருட்டு, எம் தந்தையார் பழைய கார் ஒன்றை 1,80,000 ரூபாய்க்கு வாங்கினார். அது பல்லாண்டுச் சேமிப்பு. யாம் சென்றபோதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. “உங்களுக்காகவே தயாராக வைத்திருக்கிறேன், ஐயா, ஒரு பழுதும் இல்லை” என்றார் வணிகர். உடன் சென்ற யாமோ பாட்டுப் பெட்டியைத் திருகிப் பார்த்ததன்றி வேறொன்றும் செய்தோமல்லோம். பத்தாம் நாள், திருப்பத்தூர்ச் சாலையில், நீலப்புகை கக்கி வண்டி நின்றது. பாட்டியார் பேருந்தில் ஏறி மதுரை சேர்ந்தார். பட்டறைச் செலவு 46,000 ரூபாய். வணிகரைக் கேட்டபோது, “ஓடின வண்டியைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” என்றார். மறுமொழி கூற எம்மிடம் ஒரு துண்டுத்தாளும் இல்லை.

எஞ்சினை முன்னரே சூடேற்றி வைத்ததன் உட்பொருள் பின்னரே விளங்கிற்று. தேய்ந்த எஞ்சினின் குறை, இரவெல்லாம் குளிர்ந்து கிடந்து காலையில் முதன்முதல் இயக்கும்போதே பெரும்பாலும் வெளிப்படும். ஆதலின் வண்டி பார்க்கச் செல்வோர் முதலில் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். சூடாக இருப்பின் மறுநாட் காலை வருவதாகக் கூறித் திரும்புக. காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவிற் பழம்பொருள் வாங்குவோர் ஒரு பித்தளைச் செம்பையும் தட்டிப் பார்த்தே வாங்குவர். இலட்சக்கணக்கிற் கொடுத்து வாங்கும் வண்டிக்கு அந்த அளவு சோதனையேனும் வேண்டாவோ?

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவனார் மருத்துவனுக்கு வகுத்த முறை ஊர்திக்கும் பொருந்தும். முதலிற் குறி, பின்னர்க் காரணம், அதன் பின்னரே மருந்து. நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை, எரிபொருள் மிகுதியையோ காற்று வடிகட்டி அடைபட்டதையோ காட்டும். குளிர்காலையிற் சிறிது வெண்ணீராவி எழுதல் இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நீங்காதாயின், குளிர்நீர் எஞ்சினுட் புகுகின்றது என ஐயுறுக. சாவி திருப்பியதும் ‘டக் டக்’ என்னும் ஒலி மட்டும் எழுந்து விளக்கு மங்கினால், குறை பெரும்பாலும் பேட்டரியிலோ அதன் முனைகளிற் படிந்த உப்பிலோ இருக்கும். மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென 1953-இல் ஒரு நிலையமே திறக்கப்பெற்ற ஊரினர், பேட்டரி முனையைத் துடைத்துப் பாராமலே புது எஞ்சினுக்கு விலை பேசலாகாது! பிரேக் அழுத்துகையிற் கீச்சொலி தொடர்ந்தால் அதன் கட்டைகளைப் பார்ப்பிக்க. வண்டி ஒருபுறம் இழுத்தால் முதலில் டயர்க் காற்றை அளக்க. எஞ்சின் கொதித்தால் வண்டியை நிறுத்தி ஆறவிடுக. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்திற் பாயும்.

நிற்க. நோயறிந்தும் எழுதிப் பெறாதவன் பாதியே தப்பினான். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்தனவா, வங்கிக் கடன் தீர்ந்ததா என்று பார்க்க. வணிகர் கூறும் உறுதிமொழி எதுவாயினும், தேதியும் கையொப்பமும் இட்டுப் பெறுக. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடற்க. விற்ற பின்னும் பதிவேட்டிற் பெயருள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. பட்டறையில் விடும்போது உத்தேசச் செலவை எழுதி வாங்குக. மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்க. குறை நேர்ந்தால் 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஈராண்டுக்குள், தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கிடலாம். ஆயின் அங்கும் முதலிற் கேட்கப்படுவது சான்றே.

“எழுதிக் கேட்டால் அவர் மனம் புண்படாதா?” என்று அன்று தந்தையார் கூறினார். இந்தக் கூச்சமே நம் இழப்பின் வேர். வணிகர் எல்லாரும் வஞ்சகர் என்பது எம் கருத்தன்று. நேர்மையாளர் பலர் உளர். எழுத்து அவர்க்கும் அரணாகும். கள்ளத்தராசைக் கடியும் நீதிமொழிகளைச் சிறுவயது முதல் ஓதி வந்த யாம், தராசின் முள்ளை உற்று நோக்குதல் வாங்குவோனின் கடமை என்பதை மறந்தோம்.

தோழர்களே! விடுமுறையில் இல்லத்தார் வண்டி பார்க்கச் செல்லும்போது, ‘படித்த பிள்ளை’ என்று நம்மையே உடன் அழைப்பர். அன்று பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டு எஞ்சின் மூடியைத் தொடுவோமாக. சட்டைப்பையில் ஒரு தாளும் எழுதுகோலும் இருக்கட்டும்.