பானைச் சோறும் ஓட்டுக் கணக்கும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.

சோற்றுக்கு அது பொருந்தும். தேர்தல் முடிவுக்குப் பொருந்துமா?

பொருந்தாது. இதுதான் என் கட்சி!

தேர்தல் முடிவு வந்த மறுநாள் பத்திரிகைகளைப் பாருங்கள். மாவட்டவாரியாகக் கணக்குப் போட்டிருப்பார்கள். "இந்த மாவட்டம் இந்தக் கட்சியின் கோட்டை, அந்த மாவட்டம் அந்தக் கட்சியின் கோட்டை" என்று எழுதியிருப்பார்கள். படம் போட்டு வர்ணமும் பூசியிருப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் நாமும் நம்பிவிடுகிறோம்.

கோட்டை என்பது மெய்தானா? எங்கள் செங்கற்பட்டு மாவட்டத்தையே எடுத்துப் பார்ப்போம்.

6-க்கு 1

பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1997-ல் காஞ்சீபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. 2019-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி செங்கற்பட்டு மறுபடியும் ஒரு மாவட்டம் ஆயிற்று. அதன் பிறகு வந்த முதல் சட்டசபைத் தேர்தல் 2021-ல் நடந்தது. ஏப்ரல் 6-ந் தேதி ஓட்டுப் பதிவு. மே 2-ந் தேதி முடிவு.

மாவட்டத்தில் மொத்தம் 7 தொகுதிகள். சோழிங்கநல்லூர், பல்லாவரம், தாம்பரம், செங்கற்பட்டு ஆகிய நான்கிலும் தி.மு.க. வென்றது. திருப்போரூர், செய்யூர் இரண்டிலும் அதன் கூட்டணியில் இருந்த விடுதலைச் சிறுத்தைகள் கட்சி வென்றது. மதுராந்தகத்தில் அ.தி.மு.க. வென்றது.

ஆக, 6-க்கு 1.

பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஏழு பேரில் ஆறு பேர் ஒரு பக்கம் நின்றார்கள் போலிருக்கிறது" என்றுதானே நினைப்பார்கள்? அதுதான் தவறு.

செங்கற்பட்டுத் தொகுதியில் வித்தியாசம் 26 ஆயிரத்துக்கு மேல். அது பெரிய வெற்றிதான். ஆனால், திருப்போரூரில் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 1,947 ஓட்டு! செய்யூரில் 4,042. மதுராந்தகத்தில் 3,570.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பிள்ளைகளைக் கூப்பிட்டு போடச் சொல்லுங்கள்.

திருப்போரூரில் 974 பேர் மனம் மாறி எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். செய்யூரில் 2,022 பேர் மாறியிருந்தால் அங்கும் முடிவு மாறியிருக்கும். இரண்டையும் கூட்டினால் 2,996 பேர். மூவாயிரம் பேர்கூட இல்லை! அவர்கள் மாறியிருந்தால் 6-க்கு 1 என்பது 4-க்கு 3 ஆகியிருக்கும். "கடும் போட்டி நடந்த மாவட்டம்" என்று எழுதியிருப்பார்கள்.

அதேபோல், மதுராந்தகத்தில் 1,786 பேர் மறுபக்கம் போயிருந்தால் 7-க்கு 0 ஆகியிருக்கும். "அசைக்க முடியாத கோட்டை" என்று எழுதியிருப்பார்கள்.

மக்கள் அதே மக்கள். ஊர் அதே ஊர். சில ஆயிரம் பேரால் படத்தின் வர்ணம் மாறிவிடும். கோட்டையின் சுவர் அவ்வளவு மெல்லியது!

காற்றுக்கு எதிரே

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

2016 தேர்தலில் தமிழ்நாட்டில் வென்று மந்திரிசபை அமைத்தது அ.தி.மு.க. ஆனால், அன்றைய காஞ்சீபுரம் மாவட்டத்தில் 11 தொகுதிகளில் 9 தொகுதிகளை வென்றது தி.மு.க.! 2021-ல் ராஜ்யம் தி.மு.க.வுக்குப் போயிற்று. அப்போது மதுராந்தகம் தி.மு.க.வை விட்டு அ.தி.மு.க. பக்கம் வந்தது.

ஆகவே, மக்கள் காற்றடித்த பக்கம் சாயும் நாணல் அல்ல. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மனம் இருக்கிறது. அந்த மனத்தை மாவட்டக் கணக்கு மூடி மறைத்துவிடுகிறது.

பெரிய பானை, சின்னப் பானை

தொகுதிகள் எல்லாம் ஒரே அளவும் அல்ல.

2021-ல் சோழிங்கநல்லூரில் 6 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேல் ஓட்டர்கள் இருந்தார்கள். மதுராந்தகத்தில் 2 லட்சத்துச் சொச்சம் பேர்தான். ஆனால், இருவருக்கும் சட்டசபையில் ஆளுக்கு ஒரு நாற்காலி!

இது எப்படி வந்தது? தொகுதி எல்லைகளை 2008-ல் மாற்றி அமைத்தார்கள். அதற்கு 2001-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் மாடிக் கட்டடங்கள் முளைத்தன. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. ஜனங்கள் வந்து குவிந்தார்கள். எல்லைக்கோடு மட்டும் போட்ட இடத்திலேயே நின்றது.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. மதுராந்தகத்தில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். சோழிங்கநல்லூரில் 60 பேர்கூட வரவில்லை. வயலில் வேலை செய்கிறவர் வரிசையில் வந்து நின்றார். குளுகுளு அறையில் வேலை செய்கிறவர் பலர் வரவில்லை.

கணக்கில் வராத மனிதன்

இனி மறைமலை நகருக்கு வருவோம். தமிழுக்கு உழைத்த மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். இப்போது தொழிற்சாலைகளின் ஊர்.

காலை ஷிப்டு விட்டு வந்த ஓர் இளைஞரை டீக்கடையில் சந்தித்தேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

"தம்பி, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள்?"

"ஒன்பது வருஷம் ஆச்சு, ஐயா. கல்யாணம் ஆகி, பிள்ளையும் இங்கேதான் படிக்குது."

"வேலை எங்கே?"

"ஒரகடத்துல."

"ஓட்டு?"

அவர் சிரித்தார். "ஓட்டு ஊர்லதான் ஐயா இருக்கு. போன தடவை லீவு கிடைக்கல. போகல."

யோசித்துப் பாருங்கள். அவர் குடியிருப்பது செங்கற்பட்டுத் தொகுதி. வேலை செய்வது காஞ்சீபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதி. ஓட்டு இருப்பது நானூறு மைலுக்குக் கிட்டத்தட்ட தூரத்தில்! குடிக்கிற தண்ணீர் இந்த ஊர்த் தண்ணீர். பிள்ளை நடக்கிற தெரு இந்த ஊர்த் தெரு. மழையில் அந்தத் தெரு குளமானால் யாரிடம் கேட்பார்? கேட்கலாம். ஆனால், ஓட்டுக் கேட்டு அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டப்போவதில்லை. பட்டியலில் அவர் பெயர் இல்லையே!

திருப்போரூரில் முடிவைத் தீர்மானித்தது 1,947 ஓட்டு. இந்தத் தொழிற்சாலைப் பக்கத்து வாடகை வீடுகளில் இவரைப்போல எத்தனை ஆயிரம் பேர்! அவர்கள் இல்லாமல் போட்ட கணக்கு எப்படி முழுக் கணக்காகும்?

என்ன செய்யலாம்?

ஒருவர் எந்த ஊரில் வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அந்த ஊரில்தான் ஓட்டராகப் பதிய வேண்டும். 1950-ம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இரண்டு ஊரில் பெயர் இருக்கக் கூடாது. குடி மாறினால் படிவம் 8-ஐப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிவம் 6.

"ஓட்டை மாற்றினால் ஊரில் மரியாதை போய்விடுமே! ரேஷன் கார்டு என்ன ஆகும்?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வீண் பயம்! ஓட்டர் பட்டியல் வேறு, ரேஷன் கார்டு வேறு. ஓட்டு இடம் மாறினால் பாட்டன் வைத்த வயல் கைவிட்டுப் போகாது. பொங்கலுக்குப் போனால் அத்தையும் மாமாவும் வாசலில் வந்து வரவேற்காமல் இருக்கப்போவதில்லை.

மாற்றாமல் இருப்பதில்தான் ஆபத்து. 2025 டிசம்பர் 19-ந் தேதி தமிழ்நாட்டில் திருத்திய வரைவுப் பட்டியல் வந்தது. அதில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. இடம் மாறியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் என்ற வகையில் மட்டும் 66 லட்சத்துக்கு மேல்! அங்கேயும் பெயர் இல்லை, இங்கேயும் பெயர் இல்லை என்றால் அந்த மனிதனின் கதி என்ன?

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குடியிருப்பவர் வாடகைப் பத்திரம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவர் உங்கள் வீட்டைக் கேட்கவில்லை. தன் ஓட்டைக் கேட்கிறார்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்தல் நாளில் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் அல்ல. தினக்கூலிக்கும் உண்டு.

அடுத்த முறை மாவட்டவாரிப் படத்தைப் பார்க்கும்போது வர்ணத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை ஓட்டு வித்தியாசம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று கேளுங்கள்.

சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கை போதும். ஜனங்களின் மனத்தை அறிய எல்லாப் பருக்கையும் பானைக்குள் இருக்க வேண்டும்.

உங்கள் பருக்கை எந்தப் பானையில் இருக்கிறது? இன்றைக்கே பட்டியலைப் பாருங்கள்!