தாதகுணித் தோட்டத்தில் ஒரு சித்திரசாலை

பெங்களூர்க் கஸ்தூர்பா சாலையில் அரசாங்கப் பொருட்காட்சிசாலையை அடுத்து நிற்கும் வெங்கடப்பா சித்திரசாலைக்குள் நுழைகிற தமிழர் எவரும், தமக்கு நன்கு பழக்கமான மலைகளை அங்கே கண்டு சற்று நின்றுவிடுவார். மைசூர் அரண்மனைச் சித்திரக்காரர் பரம்பரையில் 1886-ல் பிறந்து, வீணை சேஷண்ணாவிடம் சங்கீதமும், கல்கத்தா சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் சித்திரமும் பயின்ற கே. வெங்கடப்பா, உதகமண்டலத்திலும் கோடைக்கானலிலும் தங்கி, மழை மேகங்கள் கலைந்து முகடுகள் வெளிப்படும் அந்தச் சில நிமிஷங்களின் ஒளியை நீர்வர்ணத்தில் பிடித்துவைத்த படங்கள் அவை. அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், மலையும் இல்லை, மேகமும் இல்லை. கண் பெற்ற பேறு வாகன இரைச்சலில் ஒரு நொடியில் கரைந்துபோகிறது. அந்தப் படங்களைப் போற்றிக் காத்துவருகிறவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும் இயற்கைக் காட்சியைத் தீட்டிய சித்திரத்தை, அந்த இயற்கைக்கு வெகு தூரத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது.

அக்குறை தீர்ந்த இடம் ஒன்று இமாசலத்தில் இருக்கிறது. ரஷ்யாவிலிருந்து வந்த நிக்கலஸ் ரோரிக் 1928-ல் தம் குடும்பத்துடன் குலு பள்ளத்தாக்கிலுள்ள நக்கர் என்ற கிராமத்தில் குடியேறி, 1947-ல் காலமாகும் வரையில் அங்கேயே வாழ்ந்து, பனிமலைகளை நூற்றுக்கணக்கில் எழுதினார். அவர் வாழ்ந்த வீடே இன்று சித்திரசாலை. சுவரில் தொங்கும் சிகரத்தைப் பார்த்தவர் முற்றத்துக்கு வந்து தலையை நிமிர்த்தினால், அதே நீலமும் அதே வெண்மையும் கண்முன் நிற்கும். வீட்டுக்குச் சற்று மேலே, ரோரிக் குடும்பத்தார் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தின் கட்டிடத்தில், மலைநாட்டு மக்களின் கைவேலைகள் தனியே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. ஓவியனுடைய மலையும், அம்மலையில் பிறந்தவருடைய கைத்திறனும் ஒரே தோட்டத்துக்குள் அருகருகே இருப்பதுதான் அவ்விடத்தின் விசேஷம்.

தகப்பனார் வீட்டுக்கு வாய்த்த இந்தப் பாக்கியம் மகனுடைய வீட்டுக்கும் வாய்க்கவேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறோம். நிக்கலஸின் புதல்வர் ஸ்வெடோஸ்லாவ் ரோரிக், நேருவின் உருவப்படத்தைத் தீட்டிப் புகழ்பெற்றவர். 1945-ல் திரை நட்சத்திரம் தேவிகா ராணியை மணந்து, பின்னர் பெங்களூருக்கு வந்து, கனகபுரா சாலையில் தாதகுணி என்ற ஊரருகே 468 ஏக்கர் பரப்புள்ள தோட்டத்தில் தங்கிவிட்டார். மெக்ஸிகோ நாட்டிலிருந்து வந்த லினலோ மரங்கள் அங்கே பயிராயின. அவற்றின் கனிகளிலிருந்து வாசனைத் தைலம் எடுப்பார்கள். தோட்டத்தை அடுத்துப் பன்னேருகட்டா வனம். யானைகள் வந்துபோகும் இடம். ஸ்வெடோஸ்லாவ் 1993 ஜனவரியிலும், தேவிகா ராணி 1994 மார்ச்சிலும் காலமானார்கள். இருவருடைய சமாதிகளும் தோட்டத்தினுள்ளேயே உள்ளன.

சந்ததியில்லாத அத்தம்பதியரின் சொத்தைப் பற்றி எழுந்த வழக்குகளைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. தோட்டத்தை அரசுடைமையாக்கிக் கர்நாடகம் 1996-ல் இயற்றிய சட்டம் செல்லும் என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு 2011 ஆகஸ்டு 9-ம் தேதி தீர்ப்பளித்தது. அன்று முதல் அந்த நிலத்தைப் பற்றிய பொறுப்பு ஐயத்துக்கு இடமின்றி மக்களுடைய அரசாங்கத்தைச் சேர்ந்துவிட்டது. அருங்காட்சியகம் அமைக்கும் யோசனையும் பலமுறை எழுந்ததுண்டு. ரோரிக்குகளின் படங்களை மட்டும் மாட்டி, தேவிகா ராணியின் புடைவைகளையும் புகைப்படங்களையும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவைத்தால் அது நினைவாலயம் ஆகும், அதுவும் வேண்டியதே. ஆனால் அந்த மண் அதைவிடப் பெரியதொன்றைத் தாங்க வல்லது.

கனகபுரா சாலைக்கு மேற்கே சற்று விலகிச் சென்றால், பிரம்மாண்டமான பாறைக்குன்றுகள் சூழ்ந்த ராமநகரமும், அங்கே கூடும் பட்டுக்கூட்டுச் சந்தையும், அதையும் தாண்டிச் சென்னபட்டணமும் வரும். சென்னபட்டணத்துக் கடைசல் பட்டறையைப் பார்த்திராதவர் ஒருமுறையேனும் பார்க்கவேண்டும். வெப்பாலை மரத்தை, கன்னடத்தில் ஆலெ மரம் என்கிறார்கள், பதமாக உலர்த்தித் துண்டாக்கிக் கடைசல் யந்திரத்தில் பொருத்துகிறார்கள். மரம் சுழலும்போது உளி பட்டு உருவம் திரள்கிறது. பிறகு வர்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்திப் பிடிக்க, உராய்வின் வெப்பத்தாலேயே அரக்கு உருகி மரத்தின்மேல் படர்கிறது. கடைசியில் தாழை மடலால் ஒத்தித் தேய்க்க, கண்ணாடிபோல் பளபளப்பு ஏறுகிறது. நெருப்பு மூட்டுவதில்லை, தூரிகை தொடுவதில்லை. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை வைத்து விளையாடிய நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த அரக்குப் பளபளப்பு அந்நியமன்று. அந்த மரமும் தாழையும் அரக்கும் மண்ணில் விளைந்தவை. வெங்கடப்பா நீலகிரியின் மேகத்தை எழுதியது எவ்வளவு தூரம் இயற்கையைப் பற்றிய கலையோ, அவ்வளவு தூரம் இதுவும் இயற்கையிலிருந்து எழுந்த கலையே என்று நாம் உறுதியாக நம்புகிறோம். ஆனால் சித்திரத்துக்கு அடியில் எழுதியவர் பெயர் இருக்கிறது. பொம்மைக்கு அடியில் விலைச்சீட்டு மட்டும் ஒட்டியிருக்கிறது. இந்த அநீதி நெடுநாளாக நம்மிடையே பழகிப்போய்விட்டது.

இதற்குப் பரிகாரம் கண்ட முன்னோடிகள் நம் நாட்டிலேயே உண்டு. சென்னைக் கலை, கைத்தொழிற் பள்ளியின் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணாக்கரும், ஓவியத்தை விற்றுப் பிழைக்க இயலாத காலத்தில், பாத்திக் முறையில் துணிக்குச் சாயமேற்றியும் வேறு கைவேலைகள் செய்தும் விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் மணலும் சவுக்கும் நிறைந்த நிலத்தை வாங்கி, 1966-ல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். கைவேலை அங்கே சித்திரத்துக்குச் சோறு போட்டது. அதோடு நில்லாமல், சித்திரக்காரர் கையை உலோகத்துக்கும் மண்ணுக்கும் பழக்கித் தந்தது. மைசூர்ச் சீமையிலிருந்து சென்னைக்குப் படிக்கவந்து, சோழமண்டலத்தை நிறுவியவர்களுள் ஒருவரான எஸ். ஜி. வாசுதேவ், செப்புத் தகட்டில் புடைப்புச் சித்திரம் செய்து கற்றவர். பிற்காலத்தில் பெங்களூரில் குடியேறி, ஒரு நெசவாளருடன் சேர்ந்து தம் சித்திரங்களைப் பட்டிலே நெய்வித்தார். நெய்தவருடைய பெயரையும் அவர் எல்லாருமறியச் சொல்லிவந்தது பெரிய காரியம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் விதைத்தது கன்னட நாட்டில் காய்த்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆகவே தாதகுணியில் அமையும் சித்திரசாலையில், ரோரிக்குகளின் படங்களோடு, இந்தப் பிரதேசத்தின் பாறைகளையும் ஏரிகளையும் மரங்களையும் இன்று தீட்டிவரும் இளைஞர்களின் படங்களுக்கு ஓர் அறையும், சென்னபட்டணத்துக் கடைசலுக்கும் கனகபுராப் பட்டுக்கும் சுற்றுவட்டாரத்துக் கூடை முடைவோருக்கும் குயவருக்கும் ஓர் அறையும், அதே சுவர், அதே வெளிச்சம், அதே மரியாதையுடன் இருக்கவேண்டும். செய்தவர் பெயரும் ஊரும் ஒவ்வொரு பொருளின் அடியிலும் எழுதப்படவேண்டும். விற்பனை நடக்கட்டும், பணம் இடைத்தரகர் கைக்குப் போகாமல் செய்தவர் கைக்குப் போகட்டும். கட்டிடம் மரத்தின் உயரத்தைத் தாண்டாத ஓட்டு வீடாக இருந்தால் போதும். மாலையில் விளக்கும் ஒலிபெருக்கியும் அறவே கூடாது. யானைக்கு அது வழி என்பதை மறந்துவிட்டால் தோட்டமும் இல்லை, சித்திரமும் இல்லை. உல்லாச விடுதி, படப்பிடிப்பு நகரம் என்று யாரேனும் ஆசை காட்டினால் அதற்கு அரசாங்கம் செவிசாய்க்கலாகாது.

பட்டணத்தார் அவ்வளவு தூரம் வருவார்களா என்று சிலர் கேட்பார்கள். ஈஞ்சம்பாக்கம் 1966-ல் சென்னைக்கு வெளியே கிடந்த மீனவர் பகுதிதான். கலையன்பர்கள் போகாமலா இருந்தார்கள்? இப்போது மெட்ரோ ரயில் 2021 முதல் கனகபுரா சாலையில் பட்டு ஆராய்ச்சிக் கழகம் வரையில் ஓடுகிறது. தாதகுணி அதற்கப்பால் சில கிலோமீட்டர் தொலைவில்தான். அதைவிட முக்கியமாக, அந்தச் சாலையோரத்துக் கிராமங்களின் அரசாங்கப் பள்ளிக் குழந்தைகள் கால்நடையாகவே வந்துவிடுவார்கள். தம் ஏரியும் தம் குன்றும் படமாகச் சுவரில் தொங்குவதையும், தம் பாட்டி முடைந்த கூடை அதன் பக்கத்தில் வைக்கப்பட்டிருப்பதையும் அவர்கள் காணவேண்டும்.

தோட்டத்தை நிர்வகிக்கும் வாரியத்தாரையும் கர்நாடக அரசாங்கத்தையும், பெங்களூரில் வாழும் தமிழர் சார்பில், பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்: சித்திரசாலையின் திட்டத்தை வகுக்கும் சபையில், கட்டிடக் கலைஞரையும் ஓவியரையும் உட்காரவைக்கும் அதே வரிசையில், சென்னபட்டணத்துக் கடைசல்காரர் ஒருவரையும் கூடை முடையும் பெண்மணி ஒருவரையும் முதல் கூட்டத்திலிருந்தே அமர்த்துங்கள்.